சாரல் சீமை வரலாறு – 12: பாரிசில் போட்ட கையெழுத்து

நெற்கட்டும்செவல் கோட்டையைப் பிடிக்க வந்த கர்னல் ஹெரான் வெறுங்கையோடு மதுரைக்குத் திரும்பியதைச் சென்ற வாரம் பார்த்தோம். 500 வெள்ளைக்காரர்களும் 2,000 இந்தியச் சிப்பாய்களும் கொண்ட படை அது. கோட்டையை உடைக்கத் தக்க பீரங்கியும் இல்லாமல், சிப்பாய்களுக்குக் கொடுக்கச் சம்பளமும் இல்லாமல் அது பின்வாங்கியது. அந்தக் கோட்டையின் பாளையக்காரர் பூலித்தேவரின் பெயர் தென்சீமை முழுக்கப் பரவியது.

அங்கே ஒரு கேள்வியை விட்டுவிட்டோம். ஹெரான் ஏன் 1755இல் வந்தார்? ஆர்க்காட்டு நவாபுக்குப் பாளையக்காரர்கள் கப்பம் கட்டாமல் இருந்தது புதிய செய்தி அல்ல. 1752இலும் 1753இலும் அவர்கள் கட்டவில்லை. அப்போதெல்லாம் வராத படை 1755 தொடக்கத்தில் திடீரென்று தெற்கே திரும்பியது.

பதில் புதுச்சேரியில் இருக்கிறது. ஆர்க்காட்டு அரியணைக்காக நடந்த சண்டையில் பிரெஞ்சுக்காரர்கள் சந்தா சாகிபையும், ஆங்கிலேயர் முகமது அலியையும் தூக்கிப் பிடித்தார்கள். சந்தா சாகிபு 1752இல் கொல்லப்பட்ட பிறகும் சண்டை ஓயவில்லை. செலவு தாங்காமல் பிரெஞ்சு அரசு கவர்னர் துய்ப்ளேயைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அடுத்து வந்த கொதே, 1754 முடியும் தறுவாயில் ஆங்கிலேயரோடு தற்காலிக உடன்பாடு செய்தார். திருச்சியைச் சுற்றிக் கட்டுண்டு கிடந்த ஆங்கிலக் கும்பெனிப் படைக்கு வேலை இல்லாமல் போயிற்று. நவாபு முகமது அலிக்கோ கும்பெனியிடம் வாங்கிய கடன் தலைக்கு மேல். சும்மா இருந்த படையை வசூலுக்கு அனுப்பினார்கள். அப்படித்தான் ஹெரான் வந்தார்.

அடுத்த பத்தாண்டுகளின் கதைக்கு இதுவே திறவுகோல். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடித்துக்கொண்டால் தென்காசிப் பக்கத்துக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். அவர்கள் கைகுலுக்கினால் மலையடிவாரத்துக்குப் பீரங்கி வரும்.

யாருக்கு என்ன வேண்டும்?

மலையடிவாரத்தின் அமைப்பை ஒருமுறை நினைவில் கொண்டுவருவோம். தென்காசிக்கு மேற்கே செங்கோட்டை. அதையும் புளியரையையும் தாண்டினால் ஆரியங்காவுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்றும் சாரலும் நுழையும் அந்த வழியாகத்தான் மலையாளத்துப் படைகளும் இறங்கும். தென்காசிக்கு வடமேற்கே, பண்பொழிக்கு அருகில் வடகரை. சொக்கம்பட்டியும் வடகரையும் ஒரே பாளையக்காரரின் கையில் இருந்தன. வடக்கே மலையை ஒட்டிப் போனால் வாசுதேவநல்லூர், சிவகிரி, சேத்தூர். கிழக்கே தள்ளி, சங்கரன்கோவில் பக்கம் நெற்கட்டும்செவல்.

இவர்களில் ஒவ்வொருவருக்கும் தனித் தேவை இருந்தது. பூலித்தேவருக்கு வேண்டியது, யாருக்கும் கப்பம் கட்டாத உரிமை. மேற்குப் பாளையங்களின் மறவர் தலைவர்களில் பெரும்பாலோர் அவர் பின்னால் நின்றார்கள். சிவகிரி மட்டும் சேரவில்லை. கிழக்கே எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் தொடக்கத்தில் அந்த அணிக்கு வெளியேதான் நின்றன.

திருவிதாங்கூருக்கு வேண்டியது நெல்லும் கணவாய்களும். மார்த்தாண்ட வர்மா 1741இல் குளச்சலில் டச்சுப் படையைத் தோற்கடித்து, சிறைப்பட்ட டச்சு அதிகாரி டிலனாயைக் கொண்டே தன் படையை ஐரோப்பிய முறையில் பழக்கியவர். தெற்கே ஆரல்வாய்மொழி, வடக்கே ஆரியங்காவு ஆகிய இரண்டு வாசல்களுக்கும் கிழக்கே கொஞ்சம் நிலம் தன் கையில் இருந்தால்தான் நாடு பாதுகாப்பு என்பது திருவனந்தபுரத்தின் கணக்கு. களக்காட்டுப் பகுதி அதற்குப் பொருத்தமான நிலம். நல்ல வயற்காடும் கூட. சந்தா சாகிபின் ஆட்களாக வந்து திருநெல்வேலியில் நிலைத்துவிட்ட மூன்று பட்டாணியத் தளபதிகளில் ஒருவரான முடேமியா, அந்தப் பகுதியைத் திருவிதாங்கூருக்கே விற்றிருந்தார். நவாபின் ஆட்கள் அதைப் பிடுங்கப் பார்த்தார்கள். அதனால் நவாபுக்கு எதிரி யாரோ அவரே திருவிதாங்கூருக்கு நண்பர்.

வடகரைப் பாளையக்காரருக்கோ திருவிதாங்கூரே பகை. செங்கோட்டை எல்லையில் இரு தரப்புக்கும் ஓயாத தகராறு. ஆக, பூலித்தேவரின் அணியில் வடகரையும் இருந்தது, வடகரைக்கு ஆகாத திருவிதாங்கூரும் இருந்தது. இந்த விரிசலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1756: கூட்டணியின் முதல் ஆண்டு

ஹெரான் போன பிறகு திருநெல்வேலிச் சீமை, நவாபின் அண்ணன் மாபூஸ்கானிடம் விடப்பட்டது. பூலித்தேவரின் ஆட்களும் திருவிதாங்கூர்ப் படையும் களக்காட்டில் ஒன்று சேர்ந்து மாபூஸ்கானின் படையை அடித்தார்கள். அந்தத் துணிச்சலில் திருநெல்வேலி வரை வந்தார்கள். 1756 மார்ச் 21 அன்று நடந்த சண்டையில் முடேமியா இறந்தார். கூட்டணிப் படை சிதறியது. பூலித்தேவர் நெற்கட்டும்செவலுக்குத் திரும்பினார், திருவிதாங்கூர்க்காரர்கள் மலைக்கு அப்பால் போனார்கள்.

இதே நேரத்தில் இன்னொரு சண்டை மூண்டுகொண்டிருந்தது. வட அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றுப் படுகை யாருக்கு என்ற தகராறில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 1754லேயே சுட்டுக்கொண்டார்கள். 1756 மே மாதம் பிரிட்டன் பிரான்சின் மீது முறைப்படி போர் அறிவித்தது. ஆகஸ்ட் கடைசியில் பிரஷ்யாவின் பிரெடெரிக் சாக்சனிக்குள் புகுந்தார். ஏழாண்டுப் போர் என்று வரலாறு அழைக்கும் போர் இதுதான். கப்பல் ஐந்தாறு மாதம் ஓடித்தான் சென்னைக்குச் செய்தி வரும். செய்தி வந்து சேர்வதற்கு முன்பே சென்னையின் படைபலம் குறைந்திருந்தது. கல்கத்தாவை வங்காள நவாபு சிராஜ் உத் தௌலா பிடித்துக்கொண்டதால், 1756 அக்டோபரில் கிளைவின் தலைமையில் நல்ல சிப்பாய்களை எல்லாம் வங்காளத்துக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள்.

இந்த வெற்றிடத்தை முதலில் மோப்பம் பிடித்தவர் மாபூஸ்கான். தம்பி நவாபாக இருக்கத் தான் குத்தகைக்காரனாக இருப்பதா என்ற குறை அவருக்கு முன்பிருந்தே உண்டு. யாரை அடக்க அனுப்பப்பட்டாரோ அந்தப் பூலித்தேவரோடேயே அவர் சேர்ந்துகொண்டார். கூட்டணிக்கு இப்போது ஆர்க்காட்டுக் குடும்பத்தின் பெயரும் கிடைத்தது.

தெற்கிலிருந்து உருவப்பட்ட படைகள்

1757இல் கும்பெனியின் கேப்டன் கைலாட், மாபூஸ்கானின் ஆட்களிடமிருந்து மதுரையைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தார். மே மாதம் பிரெஞ்சுப் படை திருச்சியைச் சூழ்ந்தது. கைலாட் மதுரையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். இரவோடு இரவாகச் சேற்று வயல்களில் நடந்து திருச்சிக்குள் நுழைந்த அந்த நடை, கும்பெனியின் போர்க் கதைகளில் புகழ் பெற்றது. மதுரையிலோ எதிரிக்கு மேலும் சில மாதம் கிடைத்தது. செப்டம்பரில் கைலாட் திரும்பி வந்து மதுரையை வாங்கினார். வாங்கினார் என்று சொல்வதே சரி. சண்டையைவிடப் பணம்தான் அந்த வாசலைத் திறந்தது.

1758 ஏப்ரலில் பிரெஞ்சுத் தளபதி லாலி, அரசுப் படையோடும் கப்பல்களோடும் வந்து இறங்கினார். ஜூனில் கடலூரின் புனித டேவிட் கோட்டை விழுந்தது. படைக்குப் பணம் இல்லாமல் தஞ்சாவூர் மீது பாய்ந்து தோற்றுத் திரும்பிய லாலி, டிசம்பரில் சென்னையையே முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்த பிறகுதான் முற்றுகை விலகியது.

சென்னையைக் காக்கத் தெற்கிலிருந்து அழைக்கப்பட்டவர்தான் யூசுப்கான். மருதநாயகம் என்றும் கான்சாகிபு என்றும் மக்கள் சொல்லும் அதே தளபதி. திருநெல்வேலிச் சீமையில் ஒழுங்கு கொண்டுவரப் போராடிக்கொண்டிருந்தவர், தன் சிப்பாய்களோடு வடக்கே போய் லாலியின் தானிய வண்டிகளையும் பின்வரிசையையும் மாதக்கணக்கில் தொந்தரவு செய்தார். அவர் முதுகைத் திருப்பியதும் இங்கே நாட்டுப்புறம் மறுபடி பூலித்தேவர், மாபூஸ்கான் கைக்குப் போனது. புனித டேவிட் கோட்டையும் சென்னையும் தடுமாறிய மாதங்கள்தான் தென்காசி, நெற்கட்டும்செவல் வட்டாரத்துக்குக் கிடைத்த மிக நீண்ட ஓய்வு.

அந்த ஓய்வைப் பூலித்தேவர் வீணாக்கவில்லை. கோட்டைகளைப் பலப்படுத்தினார். பிரெஞ்சுக்காரரின் உதவியையும் மைசூர் ஹைதர் அலியின் உதவியையும் நாடினார். உள்ளூர்ப் பகையை மட்டும் வைத்துக் கும்பெனியை எதிர்க்க முடியாது, அதற்கு ஈடான இன்னொரு வெளிச்சக்தி வேண்டும் என்று அவர் தெளிவாகவே கணக்குப் போட்டார். கிடைத்த செய்திகளை வைத்துப் பார்த்தால் 1758இல் அந்தக் கணக்கு தப்பே இல்லை. அப்போது சென்னையில் இருந்த ஆங்கிலேயருக்கே யார் வெல்வார் என்று தெரியாது.

களக்காட்டின் விலை

முற்றுகை விலகியதும் 1759இல் யூசுப்கான் தெற்கே திரும்பினார். ஆட்கள் இருந்தார்கள், ஆனால் லாலி இன்னும் களத்தில் இருந்ததால் பெரிய பீரங்கிகளையும் வெடிமருந்தையும் சென்னையால் அனுப்ப முடியவில்லை. பீரங்கி இல்லாத தளபதி, ராஜதந்திரத்தை எடுத்தார். எதிரணியின் விரிசல் எங்கே என்று தேடினார். விரிசல் செங்கோட்டையில் இருந்தது.

திருவிதாங்கூரில் 1758இல் மார்த்தாண்ட வர்மா இறந்து, தர்மராஜா எனப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராம வர்மா பட்டத்துக்கு வந்திருந்தார். அவரிடம் யூசுப்கான் வைத்த பேச்சு எளிமையானது: செங்கோட்டைப் பக்கம் உங்களைத் தொந்தரவு செய்யும் வடகரையை நான் அடக்குகிறேன், நீங்கள் பூலித்தேவரை விட்டு என்னோடு வாருங்கள். திருவிதாங்கூர்ப் படை வந்தது. இரண்டு படைகளும் சேர்ந்து வந்ததைக் கண்ட வடகரைப் பாளையக்காரர், கோட்டையை விட்டு இரவில் வெளியேறிப் பூலித்தேவரிடம் தஞ்சம் புகுந்தார்.

பூலித்தேவர் தரப்பு பதிலுக்குத் தூது விட்டது. திரும்பி வந்தால் களக்காடு உங்களுக்கே என்று மாபூஸ்கான் பெயரில் திருவிதாங்கூருக்கு ஆசை காட்டப்பட்டது. திருவிதாங்கூர் அந்த ஓலையை வைத்தே யூசுப்கானிடம் விலையை ஏற்றியது. வேறு வழியில்லாமல் யூசுப்கான் களக்காட்டை விட்டுக்கொடுத்தார். நவாபுக்கு இது பிடிக்கவில்லை. தன் நிலத்தைத் தன் ஊழியன் தானம் செய்வதாக அவர் கருதினார். பின்னால் வரப்போகும் பெரிய பகைக்கு இது ஒரு விதை.

இவ்வளவு செய்தும் 1759 கடைசியில் வாசுதேவநல்லூரில் கூட்டுப் படை தோற்றது. மலைக்கும் காட்டுக்கும் பக்கத்தில், முள்வேலி சூழ்ந்த மண்கோட்டை அது. மண்சுவரில் குண்டு பதிந்ததே தவிர, சுவர் சரியவில்லை. வெடிமருந்தும் தீர்ந்துகொண்டே வந்தது. முற்றுகையின்போது பூலித்தேவர் தன் ஆட்களோடு முதுகுப் பக்கத்தில் பாய்ந்தார். யூசுப்கான் விலக வேண்டியதாயிற்று, திருவிதாங்கூர்ப் படை ஊர் திரும்பியது.

1760: எல்லாரும் காத்திருந்த ஆண்டு

1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட், லாலியைத் தோற்கடித்தார். அதன் பிறகு பிரெஞ்சுக்காரரின் கையில் மிஞ்சியது புதுச்சேரியும் சில கோட்டைகளும்தான். ஆனாலும் மலையடிவாரத்துக்கு இன்னும் ஓராண்டு இருந்தது. புதுச்சேரியை வளைத்துக்கொண்டிருந்த கும்பெனியால் தெற்கே எதையும் அனுப்ப முடியவில்லை.

அந்த ஆண்டில் வெளிச்சக்திகள் எல்லாம் தலையை நீட்டிப் பார்த்தன. ஹைதர் அலி லாலியோடு உடன்பாடு செய்து படை அனுப்பினார். திண்டுக்கல் பக்கமிருந்து மைசூர் ஆட்கள் மதுரை எல்லைக்குள் வந்தார்கள். தூத்துக்குடியில் இருந்த டச்சுக்காரர்கள் கொழும்பிலிருந்து ஆட்களை வரவழைத்து ஆழ்வார்திருநகரி வரை நகர்ந்துவிட்டு, யூசுப்கானின் படை வருவதைக் கண்டு பின்வாங்கினார்கள். டச்சு அரசு ஏழாண்டுப் போரில் நடுநிலை என்று அறிவித்திருந்தது. அந்த நடுநிலை தாமிரபரணிக் கரையில் அவ்வளவு உறுதியாக இல்லை.

எதுவும் நிலைக்கவில்லை. மைசூரில் ஹைதரையே கவிழ்க்க அரண்மனைச் சதி நடந்தது. மராட்டியரும் நெருக்கினார்கள். அவர் படையைத் திரும்ப அழைத்தார். பூலித்தேவர் எதிர்பார்த்த இரண்டு கைகளில் ஒன்று அத்தோடு ஒடிந்தது.

ஜனவரி முதல் மே வரை

1761 ஜனவரி 14 அன்று பானிப்பட்டில் மராட்டியப் படை அழிந்தது. இரண்டே நாள் கழித்து, ஜனவரி 16 அன்று, பட்டினியால் சோர்ந்த புதுச்சேரி சரணடைந்தது. கும்பெனிக்கு எதிராக நிற்கத் தக்க இரண்டு பெரிய சக்திகள் ஒரே வாரத்தில் ஓய்ந்தன. பிரெஞ்சு உதவி இனி வராது என்று தெரிந்ததும் பாளையக்காரர் அணி பிரிந்தது. சேத்தூர், ஊத்துமலை, சுரண்டைப் பாளையங்கள் பூலித்தேவரை விட்டு விலகின. புதுச்சேரி மதிலை உடைத்து ஓய்ந்த பீரங்கிகளுக்கு இப்போது தெற்கே வேலை இருந்தது.

1761 மே 16. நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய பூலித்தேவரின் மூன்று முக்கியக் கோட்டைகளும் யூசுப்கான் வசமாயின. (யூசுப்கான் பிறந்ததாகச் சொல்லப்படும் பனையூர் இராமநாதபுரச் சீமையைச் சேர்ந்தது. இது வேறு.) ஆறு ஆண்டு எதிர்த்து நின்ற கோட்டைகள், புதுச்சேரி விழுந்த நான்கே மாதத்தில் விழுந்தன. கோட்டைக்குள் இருந்த ஆட்களும் அவர்களின் வீரமும் 1759இல் இருந்தது போலவேதான் இருந்தன. எதிரே நின்ற பீரங்கிதான் மாறியிருந்தது.

தப்பான நேரத்தில் ஏறிய கொடி

வென்றவருக்கும் நிம்மதி இல்லை. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய்க்குக் குத்தகையாகத் தன்னிடமே விடும்படி யூசுப்கான் கேட்டார். கிடைக்கவில்லை. நவாபின் கீழ் அடங்கி இருக்கச் சொன்னார்கள். களக்காட்டுக்காகத் திருவிதாங்கூரோடும் சண்டையிட்டுப் பிறகு சமாதானமானார். 1763இல் கும்பெனியையும் நவாபையும் எதிர்த்து நின்று, மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். மார்ச்சாந்து என்ற பிரெஞ்சுத் தளபதியும் சில பிரெஞ்சு வீரர்களும் அவரோடு இருந்தார்கள்.

பிரான்சோ அதற்குள் போரை முடித்துவிட்டது. 1763 பிப்ரவரி 10 அன்று பாரிசில் கையெழுத்தான உடன்படிக்கையில் கர்நாடகத்துக்கென்று ஒரு பிரிவு இருந்தது. முகமது அலியே ஆர்க்காட்டின் முறையான நவாபு என்பதை அதில் பிரிட்டனும் பிரான்சும் ஒப்புக்கொண்டன. புதுச்சேரியைத் திரும்பப் பெறப் பிரான்ஸ் கொடுத்த விலைகளில் ஒன்று அது. நவாபை எதிர்த்து யார் நின்றாலும் பிரான்ஸ் இனி வாய் திறக்க முடியாது. மதுரையில் பறந்த கொடிக்குப் பின்னால் எந்த அரசும் இல்லை. ஓராண்டுக்கு மேல் முற்றுகையைத் தாங்கிய யூசுப்கானை உள்ளே இருந்தவர்களே காட்டிக்கொடுத்தார்கள். மார்ச்சாந்தும் அவர்களில் ஒருவர். 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் யூசுப்கானைத் தூக்கிலிட்டார்கள். பூலித்தேவரை வீழ்த்தியவர், பூலித்தேவர் நம்பி ஏமாந்த அதே பிரெஞ்சு உதவியை நம்பி மாண்டார்.

பூலித்தேவர் மறுபடி தலையெடுத்தார். நெற்கட்டும்செவலைச் சில காலம் திரும்பப் பிடித்தார். 1767இல் கும்பெனிப் படை மறுபடி வாசுதேவநல்லூருக்கு வந்தபோது ஐரோப்பாவில் போர் இல்லை. படையைத் திரும்பக் கூப்பிட யாரும் இல்லை. கோட்டை விழுந்தது. சங்கரன்கோவில் கோயிலுக்குள் நுழைந்து பூலித்தேவர் மறைந்துவிட்டார் என்பது இன்றும் வழங்கும் நம்பிக்கை.

கணக்கை முடித்தவர்

பூலித்தேவரின் தோல்விக்குத் திருவிதாங்கூரின் துரோகம்தான் காரணம் என்று எழுதுவோர் உண்டு. அந்தத் தீர்ப்பு சரியல்ல. திருவிதாங்கூர் களக்காட்டுக்காகச் சேர்ந்தது, களக்காட்டுக்காகவே விலகியது. எந்தப் பக்கமும் அதை ஒளிக்கவில்லை. வடகரைக்குத் தன் எல்லைப் பகையும், சேத்தூருக்கும் ஊத்துமலைக்கும் தங்கள் பாளையமும் பெரிதாக இருந்தன. ஒவ்வொருவரும் தன் நிலத்தை வைத்துத் தெளிவாகவே யோசித்தார்கள். அவர்களைச் சேர்த்து வைத்திருந்தது கும்பெனிக்கு வேறிடத்தில் இருந்த நெருக்கடி. அந்த நெருக்கடி எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பது அவர்கள் யாருடைய கையிலும் இல்லை. பிறருடைய போர் கொடுத்த அவகாசத்தின் மேல் கட்டிய கூட்டணி, அந்தப் போர் முடிந்த நாளில் முடிந்தது.

கடைசியில் திருவிதாங்கூரும் களக்காட்டை இழந்தது. 1766இல் நவாபோடு செய்துகொண்ட உடன்பாட்டில் அந்த உரிமையைக் கைவிட்டுக் கப்பத்துக்கும் ஒப்புக்கொண்டது. செங்கோட்டையையும் கன்னியாகுமரியையும் தக்கவைத்துக்கொண்டது. இரண்டு வாசல்களுக்கும் முன்னால் கொஞ்சம் நிலம் வேண்டும் என்ற பழைய கணக்கில் பாதிக்கு மேல் நிறைவேறியது. அதன் பிறகு குற்றாலமும் தென்காசியும் ஒரு நாடு, சில மைல் தள்ளியிருந்த செங்கோட்டை வேறு நாடு.

அந்த எல்லை 1956 நவம்பர் 1 வரை நீடித்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்த அன்றுதான் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது.

அடுத்த வாரம்: அமெரிக்கா சுதந்திரத்துக்குப் போராடியபோது சிவகிரிக் காட்டுக்குள் கர்னல் புல்லர்டன் ஏன் வந்தார்?

(தொடரும்)